மொகிலிக் கணவாயும் ஐந்து மிதிவண்டிகளும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

இம்மேடையில் இலக்கியம் பற்றிப் பேசவேண்டும் என்று செயலாளர் அவர்கள் நம்மைக் கேட்டுக்கொண்டார்கள். நாமோ பள்ளியிறுதி வகுப்போடு பாடப் புத்தகத்தை மூடிவிட்டு, இரயில்வே அலுவலகத்தில் பேரேட்டைத் திறந்தவர்கள். இலக்கியக் கடலில் இறங்கும் துணிவு நமக்கில்லை. ஆதலின், கண்ணாற் கண்டு காலால் மிதித்த ஒரு பொருளைப் பற்றியே பேச விழைகின்றோம். அப்பொருள் ஒரு பாதை. சித்தூரிலிருந்து பங்காருபாளையம், மொகிலி ஆகிய ஊர்களைத் தாண்டி, மலையேறிப் பலமனேர் செல்லும் பாதை. கடந்த பொங்கலின்போது நம் காலனியினர் ஐவர் மிதிவண்டியில் அதன்மீது ஏறி இறங்கினோம். அப்போது நாம் செய்த பிழை ஒன்றையும் இச்சபையில் ஒளிக்காமல் கூறப் போகின்றோம்.

முதலில் இடத்தை அறிவோம். நாம் வாழும் திருப்பதியும், அருகிலுள்ள சித்தூரும் கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் அடிவாரத்தில் அமைந்தவை. மேற்கே மைசூர்ப் பீடபூமி. சித்தூரிலிருந்து பலமனேருக்கு ஏறக்குறைய 40 கிலோமீட்டர். அதற்குள் ஆயிரம் அடிக்கு மேல் உயர்ந்துவிடுகின்றோம். அந்த ஏற்றத்தின் பெரும்பகுதி மொகிலிக்கு அப்பாலுள்ள கணவாயில் இருக்கின்றது. மொகலி என்றால் தெலுங்கில் தாழை. தாழம்புதரில் சிவலிங்கம் வெளிப்பட்டது என்று தலவரலாறு கூறும் மொகிலீசுவரர் கோயில் அவ்வூரில் உள்ளது. அன்று சென்னையிலிருந்து வந்த வெள்ளையர் ஊட்டிக்கு வழி காணுமுன், உடல்நலம் தேடிப் பலமனேருக்கே சென்றனர். இன்று இப்பாதை 69ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை. முன்னாளில் இது 4ஆம் எண் நெடுஞ்சாலையின் ஒரு பகுதி.

இப்பாதையில் பட்டாளம் நடந்த கதையைச் சற்றுச் சொல்லவேண்டும். நம் பிள்ளைகள் பானிப்பட்டுப் போரை ஆண்டோடு ஒப்பிக்கின்றனர். வீட்டிலிருந்து ஒருநாள் தொலைவில் நடந்ததை அறியார். 1782 டிசம்பர் 7ஆம் நாள், மைசூரை ஆண்ட ஹைதர் அலி சித்தூரை அடுத்த நரசிங்கராயன் பேட்டைப் பாசறையில் இராஜபிளவையால் உயிர் துறந்தார். மகன் திப்புவோ அப்போது மலையாளக் கரையில் இருந்தார். செய்தி வெளிப்பட்டால் படை கலைந்துவிடும் என்றஞ்சிய அமைச்சர்கள், உடலைப் பெட்டியில் இட்டு, கருவூலப் பொருளை அனுப்புவதுபோலக் கோலாருக்கு அனுப்பினர்.

எட்டாண்டுகள் கழித்து, மூன்றாம் மைசூர்ப் போரில், கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் பிரபு தாமே தலைமை ஏற்று வந்தார். 1791 பிப்ரவரியில் வேலூரை அடைந்த அவர், ஆம்பூர்ப் பக்கமாகச் செல்வதுபோல் போக்குக் காட்டினார். பின்னர் வடக்கே சித்தூர்ப் பக்கம் திரும்பி, மொகிலிக் கணவாய் வழியே ஏறிவிட்டார். திப்புவின் படை எதிர்நிற்க நேரமில்லை. பெரும் பீரங்கிகள், குண்டுகள், அரிசி மூட்டைகள், இவற்றை இழுக்கவும் சுமக்கவும் யானைகள், ஆயிரக்கணக்கான மாடுகள் ஆகிய அனைத்தும் ஒரு போருமின்றி மேலே சென்றன. மார்ச்சு 21ஆம் நாள் இரவில் பெங்களூர்க் கோட்டை விழுந்தது.

ஏறியாயிற்று, வென்றாயிற்று என்று எண்ணுகின்றீர்களா? அதுதான் இல்லை. மே மாதத்தில் காரன்வாலிஸ் சீரங்கப்பட்டணத்தை நெருங்கினார். அரகெரே என்னுமிடத்தில் திப்புவின் படையைப் பின்வாங்கவும் வைத்தார். ஆயினும் கோட்டையை முற்றுகையிட முடியவில்லை. ஏன்? மாடுகளுக்குத் தீவனம் இல்லை. அவை பட்டினியாலும் நோயாலும் வழியெங்கும் விழுந்து மடிந்தன. இழுக்க மாடில்லாத பீரங்கி வெறும் இரும்பு. கணவாயில் அத்துணைப் பாடுபட்டு ஏற்றிய பெரும் பீரங்கிகளைத் தம் கையாலேயே அழித்துவிட்டுப் படை திரும்பியது. அதன்பின் லம்பாடி வணிகர்களின் பொதிமாடுகளைக் கொண்டு தானியம் சேர்த்து, மறுபடியும் புறப்பட்டு, 1792இல்தான் போர் முடிந்தது. படையின் வேகத்தைக் குதிரை தீர்மானிக்கவில்லை. மாடு தீர்மானித்தது என்பதை நினைவிற் கொள்ளுங்கள். பின்னர் இதனிடம் திரும்புவோம்.

பட்டாளம் போன வழியில் மிதிவண்டி போவது நம் கண்டுபிடிப்பன்று. ஸ்காட்லாந்து நாட்டில் ஜெனரல் வேட் என்பார், மலைநாட்டாரை அடக்குவதற்காகக் காரியாரக் கணவாயின்மீது 1731இல் படைவழி அமைத்தார். 1745இல் அரசை எதிர்த்து எழுந்த இளவரசர் சார்லஸ் எட்வர்டின் படையே அவ்வழியைப் பயன்படுத்திக்கொண்டது. இன்று அக்கரட்டுத் தடத்தில் மிதிவண்டிக்காரர் ஏறி மகிழ்கின்றனர். ஆஸ்திரியப் பேரரசு 1820 முதல் 1825 வரை அமைத்த ஸ்டெல்வியோ கணவாய்ப் பாதை இன்று இத்தாலியில் உள்ளது. 1953இல் இத்தாலிய மிதிவண்டிப் பந்தயம் முதன்முறையாக அதன்மீது சென்றது. பாதைக்குப் பகை இல்லை, நட்பும் இல்லை. மேலே செல்பவர் யாராயினும் அது சுமக்கும்.

நிற்க. எங்கள் பயணத்திற்கு வருவோம். ஐவர் என்றோமே, அவர் யாவர்? கியர் வைத்த புதிய மிதிவண்டிகளோடு கல்லூரி மாணவர் இருவர். ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் நம் மகன். அவனுக்கு உறவினர் வீட்டிலிருந்து கைமாறி வந்த பழைய வண்டி. நமக்கு அலுவலகம் சென்றுவரும் வண்டி. ஐந்தாமவர் நம் காலனியில் அனைவரும் அறிந்த பெரியவர். கலாசியாகச் சேர்ந்து, தண்டவாளத்தின் ஓரமாகவே வாழ்நாளைக் கழித்தவர். இன்னும் சில திங்களில் ஓய்வு பெறுபவர். அவரது வண்டி கறுப்பு நிற, முழுக் கம்பிப் பிரேக்கு வைத்த பழங்கால வண்டி. கனம் மிகுதி. "அதை உருட்டுவதைவிடத் தூக்கிக்கொண்டு நடப்பது எளிது" என்று மாணவர் நகையாடினர். பெரியவர் சினங்கொள்ளாமல், "என் வேகத்தில் நான் வருகிறேன், தம்பி" என்றார்.

மாட்டுப் பொங்கல் நாளைத் தேர்ந்துகொண்டோம். அன்று நெடுஞ்சாலையில் லாரிகள் குறைவு என்பதே காரணம். ஈண்டு ஒரு வேடிக்கை. தெலுங்கில் மாட்டுப் பொங்கலைக் கனுமா என்பர். மலைக்கணவாயையும் கனுமா என்றே வழங்குவர். கனுமா அன்று காக்கைகூட நகராது என்பது இந்நாட்டுப் பழமொழி. அன்று பயணம் கூடாதாம். எதிர்வீட்டுத் தெலுங்கு அம்மையார் நம்மை நிறுத்தி, "அண்ணய்யா, காக்கையே நகராத நாளில் பிள்ளையை அழைத்துக்கொண்டு மலைக்கா போகிறீர்கள்?" என்று கவலையோடு கேட்டார். நாம் சிரித்துக்கொண்டே, "கனுமா அன்று கனுமாவுக்குத்தானே போகின்றோம், அக்கா" என்றோம்.

பொங்கலன்று மாலை மிதிவண்டிகளை முறைப்படிப் பதிவு செய்து பிரேக் வேனில் ஏற்றிச் சித்தூரை அடைந்தோம். வண்டி சந்திரகிரியையும் பாகாலாவையும் கடந்து சென்றது. மீட்டர் பாதைக் காலத்தில் விழுப்புரத்திலிருந்து காட்பாடி, பாகாலா வழியாகத் தர்மாவரம் வரை ஓடிய தடத்தின் ஒரு துண்டும் அதில் உண்டு. நம்மிற் பலருடைய பாட்டனாரும் தந்தையாரும் அத்தடத்தின் வழியாகத்தான் டிரங்குப் பெட்டியோடு இப்பக்கம் வந்து சேர்ந்தனர். சித்தூர் மாவட்டம் 1911இல் உருவாயிற்று; 1953இல் ஆந்திர மாநிலத்தோடு சேர்ந்தது; 1960இல் திருத்தணி பிரிந்து சென்னை மாநிலத்தில் இணைந்தது; 2022இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. கோடுகள் இத்தனை முறை மாறியும் தண்டவாளம் இடம் மாறவில்லை.

மறுநாள் விடியுமுன் புறப்பட்டோம். பங்காருபாளையம் வரை மாந்தோப்புகளின் நடுவே சாலை மெல்ல ஏறி இறங்கிச் சென்றது. ஊர்தோறும் மாடுகளைக் குளிப்பாட்டிக் கொண்டிருந்தனர். கொம்புக்கு வண்ணம், கழுத்துக்குச் சலங்கை. மொகிலியில் கோயிலுக்கு வெளியே நின்று கும்பிட்டுவிட்டு, தேநீர் அருந்தினோம்.

அதன்பின் தொடங்கியது ஏற்றம். மாணவர் இருவரும் கியரை மாற்றி, வளைவில் மறைந்தனர். நம் மகன் அவர்களைத் தொட்டுவிடவேண்டும் என்று எழுந்து நின்று மிதித்தான். நாமும் அவனை விடக்கூடாதென்று பின்தொடர்ந்தோம். பெரியவர் இறங்கி வண்டியைத் தள்ளத் தொடங்கியதைத் திரும்பிப் பார்த்தோம். பார்த்தும் நிற்கவில்லை. நிற்கவேண்டும் என்று உள்ளம் சொல்லிற்று. நின்றால் மறுபடி மிதித்து ஏறுதல் அரிது என்று கால் சொல்லிற்று. கால் வென்றது. மூச்சு இரைந்தது, தொடை கனன்றது, லாரிகள் உறுமிக்கொண்டு நம்மைக் கடந்தன. அப்போது நம் கண்ணுக்குத் தெரிந்தது முன்சக்கரத்திற்கு முன்னாலுள்ள ஒரு கெஜம் தார் மட்டுமே. எந்த மரம், எந்தப் பாறை என்று கேட்டால் இன்றும் விடை சொல்ல இயலாது.

மேலே சென்று, பலமனேர் எல்லையில் நிழலில் அமர்ந்தோம். பெரியவர் முக்கால் மணி கழித்து வந்தார். முகத்தில் களைப்பைவிட மகிழ்ச்சியே மிகுந்திருந்தது. கையில் கரும்புத் துண்டுகள். வழியில் ஆடு மேய்த்துக் கொண்டிருந்த கிழவர் ஒருவர் பண்டிகைக்காகக் கொடுத்தனராம். "தம்பி, அந்தக் கிழவர் பழைய பாட்டையைக் காட்டினார். இந்தச் சாலை வருவதற்கு முன் வண்டிமாடு போன தடமாம். கீழிருந்து மூன்றாவது பெரிய வளைவில் பிரிந்து மேட்டுப் பக்கம் ஏறுகிறது. கல்லும் முள்ளுமாய்க் கிடக்கிறது" என்றார். நாங்கள் நால்வரும் அவ்வழியே வந்தவர்கள்தாம். ஒருவர் கண்ணிலும் அது படவில்லை.

பலமனேரில் உணவருந்தினோம். இப்பக்கத்துக் காடுகள் 1990இல் கௌண்டின்ய வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பெற்றன. 1980களில் தமிழ்நாட்டுக் காடுகளிலிருந்தும் கருநாடகக் காடுகளிலிருந்தும் யானைகள் வந்து இங்கே தங்கிவிட்டன. "அவையும் நம்மைப்போல் பிழைக்க வந்தவைதாமோ?" என்றார் பெரியவர். அனைவரும் சிரித்தோம்.

இனி, நாம் ஒப்புக்கொள்ள வேண்டிய பகுதி. மலையேற ஆற்றல் வேண்டும் என்பதை எல்லாரும் அறிவர். அவ்வாற்றல் எங்கே போகின்றது என்பதைப் பத்தாம் வகுப்புப் பௌதிகத்தில் படித்தும் நாம் மறந்திருந்தோம். ஆளும் வண்டியுமாக 80 கிலோ எடையை 350 மீட்டர் உயர்த்தினால், அந்த ஆற்றல் ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்கு அருகே கொண்டுவரப் போதுமானது. ஏறும்போது கால் கொடுத்ததை இறங்கும்போது மலை திருப்பித் தருகின்றது. அதில் ஒரு பகுதியைக் காற்று வாங்கிக்கொள்ளும். வேகம் கட்டுக்குள் இருக்கவேண்டுமானால், மீதியை உங்கள் விரல் நுனியளவு இரப்பர்த் துண்டுகள் நான்கு, வெப்பமாக மாற்றித் தீர்க்கவேண்டும். அவைதாம் பிரேக் கட்டைகள்.

நம் மகனுடைய வண்டியில் பின்சக்கரத்துக் கட்டைகள் தேய்ந்திருந்தன. அவன் இருமுறை நம்மிடம் சொன்னான். "சம்பளம் வரட்டும், மாற்றுவோம்" என்றோம். உண்மையில் பணமில்லாமல் இல்லை. பண்டிகைச் செலவில் அது சிறியதாகத் தோன்றிற்று. இரயில்வேயில் பணிபுரிவோர் அறிவீர்கள்: சரக்கு வண்டி புறப்படுமுன் பிரேக் பவர் சான்றிதழ் என்னும் தாள் வேண்டும், அஃதின்றி வண்டி நகராது. அத்தகைய துறையில் இருபதாண்டு எழுத்தராக இருந்தும், நம் பிள்ளையின் வண்டிக்கு அச்சோதனையை நாம் செய்யவில்லை.

இறங்கத் தொடங்குமுன் பெரியவர், "வேகமாக இறங்காதீர்கள். செங்குத்தான இடத்தில் நடந்தே இறங்குவோம்" என்றார். மாணவர் கேட்டனர்; நம் மகனும் முதலில் கேட்டான். ஆயினும் வளைவு ஒன்றுக்குப் பின் சாலை நேராகத் தெரிந்ததும் ஏறி அமர்ந்துவிட்டான். நாமும் தடுக்கவில்லை. சிறிது தூரத்தில் அவன் வண்டி விரையக் கண்டோம். பின் பிரேக்கு பிடிக்கவில்லை. முன் பிரேக்கை மட்டும் இறுக்கினால் தலைகுப்புற விழுவோம் என்று அஞ்சினான். "அப்பா!" என்று ஒரு குரல். கீழே வளைவில் லாரி ஒன்று ஏறிவந்து கொண்டிருந்தது. நம் வாயில் சொல் எழவில்லை.

எங்களுக்கு முன்னே, சாலையோரமாகத் தம் வண்டியைத் தள்ளிக்கொண்டு சென்ற பெரியவர் அவ்வேளையில் திரும்பினார். ஒரு நொடியும் தாமதியாமல் கையை நீட்டி, "இடப்பக்கம் திருப்பு! மேட்டுத் தடத்தில் ஏற்று, மேட்டில் ஏற்று!" என்று கத்தினார். கேட்டில் நின்று வண்டிக்குக் கொடி காட்டிப் பழகிய குரல் அது. பையன் திருப்பினான். அது அந்தப் பழைய பாட்டை. மேட்டை நோக்கிச் சென்ற அத்தடத்தில் கல்லும் மணலும் சக்கரத்தைப் பற்றிக்கொண்டன. இருபது கெஜம் குதித்துச் சென்று, ஒரு புதரில் சாய்ந்து விழுந்தான். லாரி சாலையில் கடந்து சென்றது.

ஓடிச் சென்று தூக்கினோம். முழங்கையில் தோல் உரிந்திருந்தது, உடம்பெங்கும் முள், வேறு காயமில்லை. அவன் அழவில்லை, நாம்தாம் அழுதோம். பெரியவர் தம் துண்டை நனைத்துக் காயத்தைத் துடைத்தார். எங்களை ஒரு சொல்லும் கடிந்துரைக்கவில்லை. "கல் வழி நல்ல வழி, தம்பி" என்று மட்டும் அவனிடம் கூறினார். அதன்பின் மொகிலி வரை ஐவரும் வண்டியைத் தள்ளிக்கொண்டே நடந்தோம். நம் மகன் பெரியவருக்குப் பக்கத்திலேயே நடந்தான்.

இச்செய்தியை நம் இல்லத்தரசியார் இதுநாள்வரை 'சிறு சறுக்கல்' என்றே அறிந்திருக்கின்றார். இன்று இச்சபையில்தான் முழுமையும் கேட்கின்றார். வீடு சென்றபின் நமக்கு வரவேண்டிய தண்டனையை ஏற்கச் சித்தமாயிருக்கின்றோம். மறுநாள் காலையில் மிதிவண்டிக் கடை திறக்குமுன்பே வாயிலில் நின்றோம். புதிய கட்டைகளின் விலை, நாங்கள் மொகிலியில் குடித்த தேநீரின் விலையைவிடச் சற்றே அதிகம்.

எதிர்வீட்டு அம்மையாரின் பழமொழியை மீறியதால் வந்த வினை என்று சிலர் கூறலாம். நாம் அவ்வாறு கருதவில்லை. கனுமா அன்று மாட்டுக்கு ஓய்வு கொடு, வண்டியைப் பூட்டாதே என்பதே அப்பழமொழியின் கருத்து எனக் கொள்கின்றோம். காரன்வாலிஸ் பிரபுவின் படை அறியாத பாடம் அதுவே. முன்னே செல்லும் குதிரையைப் பார்த்தார்கள். பின்னே விழும் மாட்டைப் பார்க்கவில்லை. நாமும் முன்னே சென்ற இளைஞரைப் பார்த்தோம். பின்னே தள்ளிக்கொண்டு வந்தவரை விட்டுவிட்டோம். ஆனால் பாதையை முழுமையாகக் கண்டவர் அவர் ஒருவரே. மெல்ல வந்ததால் கண்டார். ஆடு மேய்ப்பவரிடம் நின்று பேசியதால் அறிந்தார். நாம் விட்டுவந்தவர் கண்டுவைத்த வழியில்தான் நம் பிள்ளை பிழைத்தான்.

அன்பர்களே, நம் காலனிப் பிள்ளைகள் சென்னைக்கும் பெங்களூருக்கும் அதற்கப்பாலும் விரைந்து செல்கின்றனர். செல்லட்டும், மகிழ்வோம். ஆயினும் சங்கம் என்பது விரைந்து செல்வோருக்கு மாலை சூட்டுவதற்கு மட்டும் ஏற்பட்டதன்று. தள்ளிக்கொண்டு வருவோருக்காகக் காத்திருப்பதும் அதன் கடமை. இவ்வூரின் மண்ணையும் மொழியையும் மனிதரையும் நின்று அறிந்தவர்கள் அவர்களே. அடுத்த கனுமாவிலும் மொகிலிக்குச் செல்ல எண்ணியுள்ளோம். இம்முறை மூன்று விதிகள்: முந்திய நாள் மாலை ஒவ்வொரு வண்டியின் பிரேக்கும் சோதிக்கப்பெறும், செங்குத்தான இறக்கத்தில் அனைவரும் நடப்பர், வரிசையில் முதல் வண்டி மெல்லச் செல்பவருடையது. பெண் பிள்ளைகளும் பெயர் கொடுக்கலாம்.

முடிக்குமுன் ஒரு வேண்டுகோள். வரும் திங்களில் ஓய்வு பெற்று, குவார்ட்டர்ஸைக் காலி செய்யவிருக்கும் அப்பெரியவர், வழக்கம்போல் கடைசி வரிசையில், தூணுக்குப் பக்கத்தில் அமர்ந்திருக்கின்றார். எங்கே சென்று குடியேறினாலும் அடுத்த கனுமாவுக்கு அவர் வரவேண்டும். முன்வரிசையில் ஓர் இடம் ஒழித்து, அவரை அங்கே அமர்த்துமாறு தொண்டர்களைக் கேட்டுக்கொண்டு, நம் உரையை நிறைவு செய்கின்றோம்.